பிறகு நினைவூட்டு

மறுபடியும் அதே நீல வட்டம்தான். தன் வாலைத் தானே கவ்வப் பார்க்கும் நாய்க்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அம்சவேணி கன்னத்தில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்துக் கம்ப்யூட்டரில் நாட்காட்டி என்னவோ ஒழுங்காகத் திறப்பதுபோலத்தான் பாவனை செய்தது. ஆடி மாதத்துக் கட்டங்கள் பாதிவரை வந்தன, அதற்குள் திரை முழுக்க வெளுத்துப்போய், மேலே 'பதிலளிக்கவில்லை' என்று ஒரு வரி வந்து நின்றுகொண்டது. என்ன மரியாதை பாருங்கள், பதிலளிக்கவில்லையாம். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அவளுடைய அப்பாவும் இப்படித்தான் சொல்வார், தாராபுரத்துக்காரங்க இன்னும் பதில் சொல்லலை, பல்லடத்துக்காரங்க இன்னும் பதில் சொல்லலை என்று. சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அவர் துண்டை உதறுகிற சத்தத்தை வைத்தே இந்த இடமும் போய்விட்டது என்று சமையலறையில் அவளுக்குத் தெரிந்துவிடும். அதெல்லாம் எந்தக் காலம். இப்போது அதை நினைத்தால் வலிக்கக்கூட இல்லை, சிரிப்புத்தான் வருகிறது, சிரிப்பு வருவதே இந்த ஆறேழு மாதமாகத்தான். ஆனால் இன்றைக்கு இந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்லியே தீர வேண்டும். காற்றாலையில் மெக்கானிக்கான திருமூர்த்தி காலையிலேயே கம்பத்தின் மேல் ஏறிவிட்டார். டீ குடிக்கக் கீழே இறங்கும்போது கூப்பிடுவார். கூப்பிட்டு, ஐப்பசி இருபத்தியாறு ஞாயிற்றுக்கிழமை நம்ம மண்டபம் காலியா இல்லையா என்று கேட்பார். காலி என்றால் அந்தக் கையோடு விடுப்புக்கு எழுதிக் கொடுப்பார். விடுப்புப் பட்டியல் இன்றோடு முடிகிறது. காற்றுக் காலத்தில் கம்பெனிக்காரன் அவரை வீட்டுக்கே விடமாட்டான், ஐப்பசிக் கடைசியில் காற்று ஓய்ந்தால்தான் உண்டு, அந்த மாதத்திலும் அவருடைய மகளும் மருமகனும் ஓசூரிலிருந்து வர முடிகிற ஒரே ஞாயிறு அதுதான். அதை விட்டால் தைதான். தை மாதம் வள்ளியாத்தாள் திருமண மண்டபத்தில் ஒரு நாள்கூட மிச்சமில்லை என்பது கம்ப்யூட்டரைக் கேட்காமலே அவளுக்குத் தெரியும். எல்லாம் அவள் கையால் கொடுத்ததுதானே. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இருபது வருஷமாக நாள் கொடுத்தவளுக்குத் தனக்கு ஒரு நாள் இருக்கிறதா என்று பார்க்க இந்த மூஞ்சி வெளுத்த பெட்டியிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

அணைத்துப் போட்டாள். கல்யாண மண்டபத்தில் அணைத்து என்று மனதில்கூட நினைக்கக் கூடாது, ஓய்வு கொடுத்துத் திரும்ப எழுப்பினாள். சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள், மவுஸைத் திருப்பி அதன் வயிற்றைத் துடைத்தாள். பின்பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினாள். வயரை ஊதுவதால் என்ன ஆகும் என்று யாரும் கேட்க வேண்டாம், எல்லோரும் ஊதத்தான் ஊதுகிறார்கள். வெளியே காற்று ஊளையிட்டது. ஆடியில் மண்டபத்துக்கு வேலை இல்லை என்று வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தார்கள், மணமேடைக்குப் பின்னால் ஏணி நகரும் சத்தமும் பிரஷ் இழுபடும் சத்தமும் காலி மண்டபத்தில் பெரிதாகக் கேட்டன. புதுச் சுண்ணாம்பு வாசம். அவளுக்கு அந்த வாசம் பிடிக்கும். மனுஷர்கள் இல்லாத மண்டபம் அவளுக்கு மட்டுமே தெரிந்த மண்டபம், நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக மூலையில், பந்திப் பலகைகள் கழுவிச் சாத்தியபடி. மறுபடி அந்த மாதக் கட்டங்கள் வந்தன. வந்து, பாதியில் வெளுத்தன. அவளுக்குப் பயம் கம்ப்யூட்டர் கெட்டுப்போனதால் மட்டும் இல்லை. ஆனி மாதத்தில் ஒரு அம்மா போனில் கூப்பிட்டு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை ஒன்று கேட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குரல்கூட ஞாபகம் இருக்கிறது, மூக்கடைத்த குரல், நடுநடுவே யாரையோ 'அட இருடா' என்று அதட்டிக்கொண்டே பேசியது. அதற்கு இவள் என்ன சொன்னாள் என்பதுதான் ஞாபகம் இல்லை. கொடுத்துவிட்டாளா? கேட்டது இருபத்தியாறா, வேறு தேதியா? சரிங்க எழுதிக்கறேன் என்று சொல்லி எழுதியும் வைத்துவிட்டாளா?

ஏன் ஞாபகம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும், அதுதான் வெட்கக்கேடு. அந்தப் போன் வந்தபோது ஆபீஸ் வாசலில் திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் ஹெல்மெட், சட்டையில் கிரீஸ் வாசம், தலைமுடி காற்றில் கலைந்து ஒரு பக்கமாகவே படுத்திருந்தது. அதே ஆபீஸுக்கு அவர் பத்துப் பதினைந்து தடவை வந்துவிட்டார், அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. போன தையில் அவர் மகள் கல்யாணம் இங்கேதான் நடந்தது. முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் கரண்ட் போய் ஜெனரேட்டரும் முரண்டு பிடித்தபோது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்ணைப் பெற்றவரே ஜெனரேட்டர் அறைக்குள் நுழைந்துவிட்டார். டார்ச் பிடித்தது அம்சவேணி. 'கொஞ்சம் கீழ காட்டுங்க, இன்னுங் கொஞ்சம், அவ்வளவுதான், அசையாதீங்க' என்றார். விளக்கு வந்ததும் கைக் கரியைப் பட்டு வேட்டியிலேயே துடைத்துவிட்டு, துடைத்த பிறகு பார்த்து, 'போச்சு' என்று சிரித்தார். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்களுக்கென்று ஆபீஸில் ஒரு அலமாரி உண்டு. குத்துவிளக்குத் தலை, ஒற்றைக் கொலுசு, பல்செட் ஒன்றுகூட இருக்கிறது, அதற்கு இன்றுவரை உரியவர் வரவில்லை. திருமூர்த்தி வீட்டார் ஒரு அட்டைப் பெட்டி நிறைய சாமான் மறந்துவிட்டிருந்தார்கள். அவர் வந்து ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்து ஒரு செம்பு. அதற்கடுத்த வாரம் இரண்டு டம்ளர். மனைவி போய்ப் பல வருஷம் ஆன மனுஷர், வீட்டில் டம்ளர் பஞ்சமாக இருக்கும்போல என்றுதான் முதலில் நினைத்தாள். நாலாவது தடவை வந்து ஒரே ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போனபோதுதான் விளங்கியது. அன்றைக்கு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை, பெட்டியை அலமாரியின் உள்தட்டில் பத்திரமாகத் தள்ளி வைத்தாள், சாமான் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே. ஆனியில் பெட்டி காலியானது. காலியான பிறகும் வந்து வாசலில் நின்றார். அவள் காதில் அந்த மூக்கடைத்த குரல் தேதி கேட்டுக்கொண்டிருந்தது, கண்ணில் அந்த மஞ்சள் ஹெல்மெட். போனை வைத்ததும் அவர் கேட்டார், 'எடுக்கறதுக்குச் சாமான் ஒண்ணும் பாக்கி இல்லீங்க. இருந்தாலும் வரலாமுங்களா?' இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு ஐப்பசியாவது கார்த்திகையாவது, எது மண்டையில் நிற்கும்.

பர்வீனைப் போனில் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவள், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே பேசுவாள், ஆனால் சொல்வதைச் சரியாகச் சொல்வாள். 'என்னக்கா, தொறந்த உடனே நின்னுக்குதா? மத்ததெல்லாம் ஓடுதா? அப்ப மிஷின் நல்லாத்தான் இருக்குது, அந்த நாட்காட்டிக்குத்தான் எதுவோ தொண்டையில சிக்கியிருக்குது. கடைசியா எப்பத் தொறந்தீங்க?' அம்சவேணி யோசித்தாள். ஆடி பிறந்ததிலிருந்து திறக்கவே இல்லை. ஆனிக் கடைசியிலும்கூட அவ்வளவாக இல்லை. முன்னெல்லாம் தினம் காலையில் விளக்கேற்றிவிட்டு அடுத்த வேலை அதைத் திறப்பதுதான். இந்தக் கொஞ்ச நாளாக விளக்கேற்றிவிட்டு ஜன்னல் பக்கம் நின்று தெற்கே திரும்பிப் பார்ப்பது வேலையாகிவிட்டது. தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றும், அதில் எதன் மேல் அவர் இருக்கிறார் என்று இங்கிருந்து தெரியாது, தெரியாது என்று தெரிந்தும் பார்ப்பாள். இதையெல்லாம் பர்வீனிடம் சொல்ல முடியுமா? 'ஒரு மூணு வாரமாத் தொறக்கலை' என்றாள். 'ரசீதுப் புக்கு இருக்குமுல்ல, அதுல பாருங்களேன்' என்றாள் பர்வீன். புக்கு ஆடிட்டர் வீட்டில் இருக்கிறது. ஆடிட்டர் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டார், அந்த ஊரில் டவர் எடுக்காது. பர்வீன் எதையோ விழுங்கிவிட்டு, 'சரி, நான் சொல்றாப்புல பண்ணுங்க. கண்ட்ரோல் கீயை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே அந்தப் படத்து மேல ரெண்டு தட்டுத் தட்டுங்க. கையை எடுத்துறாதீங்க. பாதுகாப்பு முறையில திறக்கட்டுமான்னு கேக்கும். ஆமான்னு குடுங்க' என்றாள்.

அமுக்கிப் பிடித்தாள். அசையாதீங்க என்று அவர் சொன்னதுபோல அசையாமல் பிடித்தாள். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு நாட்காட்டி வரவில்லை, அதற்குப் பதிலாக நீளமாக ஒரு பெட்டி வந்தது. காத்திருக்கும் நினைவூட்டல்கள். அடியில் இரண்டு பொத்தான்கள், 'நீக்கு' என்று ஒன்று, 'பிறகு நினைவூட்டு' என்று ஒன்று. பெட்டிக்குள் பெயர்கள். வரிசை வரிசையாக, கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. முகூர்த்தம், சுகந்தி வெட்ஸ் பிரபாகரன், நானூறு வாரங்கள் தாமதம். முகூர்த்தம், மஞ்சுளா வெட்ஸ் நடராஜ், ஐந்நூற்றுப் பத்து வாரங்கள் தாமதம். அம்சவேணி வாயில் கை வைத்துக்கொண்டாள். 'இதென்ன பர்வீன், கல்யாணம் முடிஞ்சு புள்ளைங்க பள்ளிக்கொடம் போறாங்க, இது தாமதம்னு சொல்லுது.' 'ஏங்க்கா, முடிஞ்சதை நீங்க நீக்கவே இல்லையா? அந்தக் காலத்துல இருந்து எல்லாத்துக்கும் பிறகு, பிறகுன்னே குடுத்துக்கிட்டு வந்தீங்களா? தினம் தொறந்தீங்க, தினம் தள்ளி வெச்சீங்க, எப்படியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு. மூணு வாரம் சும்மா விட்டதுல அத்தனையும் ஒரே நேரத்துல வாசல்ல வந்து நின்னுக்குச்சு. அதுதான் மூச்சு முட்டுது.' ஆமாம், ஒன்றைக்கூட நீக்கியதில்லை. எப்படி நீக்குவாள்? இந்த மண்டபத்தில் விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள். சமையல்காரர் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டார், அரிசி நிறைஞ்சிருக்கு என்பார், அதைக் கேட்டதும் ஆள் கடைக்கு ஓடுவான். போகிறவர்கள் போறேன் என்று சொல்ல மாட்டார்கள், இவளும் யாரையும் போங்க என்று சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வந்த புதிதில் முதல் முகூர்த்தத்தன்று விடியற்காலையில் டிங் என்று மணி அடித்து, மணப்பெண் பெயரைப் போட்டு, பக்கத்திலேயே நீக்கட்டுமா என்று கேட்டது. அந்தப் பெண் அடுத்த அறையில் தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெயருக்கு நேராக நீக்கு என்று கை போகுமா? பிறகு என்பதை அமுக்கினாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் பிறகுதான். அதில் ஒரு நன்மையும் இருந்தது, தினம் காலையில் அந்தப் பெயர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவளுக்கும் ஊரில் நாலு பேரை விசாரித்த மாதிரி இருக்கும்.

'எல்லாத்தையும் மொத்தமா நீலமாக்குங்க. கண்ட்ரோலும் ஏ-வும். ஆக்கிட்டு, நீக்கு' என்றாள் பர்வீன். பெயர்கள் எல்லாம் நீலமாகின. அம்பு நீக்கு என்பதன் மேல் போய் நின்றது, விரல் அமுங்கவில்லை. முட்டாள்தனம் என்று அவளுக்கே தெரிகிறது. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் பிரபாகரனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் சுகந்தி, பாவம், முகூர்த்தத்துக்கு முன்னால் பசி தாங்காமல் பாத்ரூமுக்குள் வைத்து மூன்று இட்லி தின்றவள், இவள்தான் சட்னி கொண்டுபோய்க் கொடுத்தாள். நடராஜ் மாலை மாற்றும்போது தும்மிக்கொண்டே இருந்தான், சம்பங்கி ஆகாதாம். ஒருத்தி மேடையில் அழுத அழுகையில் ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டார், இப்போது அவள்தான் மாமியாரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இல்லை என்று கேள்வி. இத்தனை பேருக்கும் இவள் நாள் பார்த்துக் கொடுத்தாள், அறைச் சாவி எடுத்துக் கொடுத்தாள், ஆரத்தித் தட்டுக்குச் சுண்ணாம்பு கிடைக்காமல் ஓடினாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒரு கிழவியம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, 'உனக்கு எப்ப கண்ணு?' என்று கேட்டாள். ஆரம்பத்தில் முகம் சிவக்கும். அப்புறம் எரிச்சல் வந்தது. அதற்கப்புறம் சிரித்துக்கொண்டே 'பிறகுங்க ஆத்தா' என்று சொல்லப் பழகிவிட்டது. கொஞ்ச வருஷத்தில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள், அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. இப்போது போய்க் கல்யாணம் என்றால் இந்த ஊர் என்ன சொல்லும்? நாப்பத்தொம்பது வயசுல மேடையேறுறா பாரு, மண்டபத்துல வேலை பாத்துப் பாத்து ஆசை வந்துருச்சு. இப்படித்தான் சொல்வார்கள், யார் யார் சொல்வார்கள் என்றுகூட அவளால் சொல்ல முடியும், பந்தியில் எந்த வரிசையில் உட்கார்ந்து சொல்வார்கள் என்றும் சொல்ல முடியும். தன் அக்கா ருக்மணியிடம் மட்டும் போனில் சொன்னாள். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, 'அரக்குச் சேலை உனக்கு எடுக்காது அம்சா, மாம்பழ மஞ்சள்ல எடுக்கலாம்' என்றாள். அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது, அதே நேரம் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது, இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்.

'அமுக்கீட்டீங்களா?' என்றாள் பர்வீன். அம்சவேணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கல்யாணம் முடிந்து சாயங்காலம் வாசலில் தேங்காய்ப் பையைக் கொடுத்து எல்லோரையும் வண்டி ஏற்றுவாளே, அது நினைவுக்கு வந்தது. அப்போது அவள் எப்போதும் சொல்வதைத்தான் இப்போதும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். 'எல்லாரும் நல்லபடியாப் போயிட்டு வாங்க.' சொல்லிவிட்டு அமுக்கினாள். 'யாருகிட்டக்கா பேசறீங்க?' என்றாள் பர்வீன். நீலம் எல்லாம் கண் சிமிட்டுவதற்குள் மறைந்தது, பெட்டி தன்னைத்தானே மூடிக்கொண்டது. பந்தியெல்லாம் முடிந்து மண்டபம் கழுவிவிட்ட பிறகு ஆகுமே, அப்படி மனசு லேசானது. 'இப்பக் கையை எடுத்துட்டு, சாதாரணமாத் தொறங்க.' திறந்தாள். வட்டம் ஒரு சுற்று சுற்றியது, இரண்டு சுற்று, அவ்வளவுதான், ஆடி மாதம் முழுசாக வந்து உட்கார்ந்தது, ஒரு கட்டம்கூட வெளுக்காமல். 'நீ நல்லா இருக்கோணும் பர்வீன்' என்றாள். 'அதெல்லாம் இருப்பேன், ஒரு விசேஷத்துக்குப் பிரியாணி போடாம ஏமாத்தீட்டே இருக்கீங்க உங்க மண்டபத்துல' என்றுவிட்டுப் போனை வைத்தாள் பர்வீன். அம்சவேணி அம்பை ஆவணிக்குத் தள்ளினாள், புரட்டாசி தாண்டினாள், ஐப்பசிக்கு வந்தாள். தீபாவளி. அதற்கடுத்த வாரம் இரண்டு கல்யாணம். இருபத்தி மூன்று, இருபத்தி நாலு. பார்க்கப் பயந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. இருபத்தியாறு. வெள்ளைக் கட்டம். யார் பெயரும் இல்லை. இன்னொரு கண்ணையும் திறந்து பார்த்தாள், அப்போதும் இல்லை.

மேஜைப் போன் அடித்தது. அதற்குள் இறங்கிவிட்டாரா என்று எடுத்தால், அவர் செல்போனில்தானே கூப்பிடுவார், இது மூக்கடைத்த குரல். 'அம்மணி, வள்ளியாத்தாள் மண்டபமுங்களா? போன மாசம் பேசுனனுங்களே, ஐப்பசி இருபத்தியாறு. நீங்க அன்னைக்கு என்னமோ அவசரத்துல, அப்புறம் கூப்புடுங்கன்னு சொல்லீட்டு வெச்சுட்டீங்க. இன்னைக்குத்தான் மாப்பிள்ளை ஊட்டுல சம்மதம் சொன்னாங்க. எழுதிக்கிறீங்களா?' அம்சவேணி அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஆக, கொடுக்கவில்லை. கொடுக்கவும் இல்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 'எம்பொண்ணுக்கு முப்பத்தி மூணு நடக்குதுங்க' என்றது குரல், 'இப்பத்தான் கூடி வந்திருக்குது. அட இருடா! பேரனுங்க, ஒயரைப் புடிச்சு இழுக்கறான். அந்த நாளை மட்டும் எப்படியாச்சும் குடுத்துருங்க அம்மணி.' இருபது வருஷப் பழக்கம், சரிங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பத்து மூன்று. அந்த வயதில் இவள் கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் இந்த நேரம் அம்மா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். கொடுத்துவிட்டால் என்ன, நமக்குத் தை இருக்கிறது, தையில்லாவிட்டால் மாசி, இத்தனை நாள் பொறுத்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா, திருமூர்த்தியும் கோபித்துக்கொள்ள மாட்டார், சரிங்க என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டுக் காலிப் பெட்டியைப் பார்த்த மாதிரி ஒரு நிமிஷம் நிற்பார். அந்த நிற்பை அவள் பார்த்திருக்கிறாள். அதை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. விரல் தானாக அடுத்த மாதத்துக்குப் போனது. கார்த்திகை முதல் ஞாயிறு காலி. 'கார்த்திகையில மொத ஞாயிறு இருக்குதுங்க. வளர்பிறை, நல்ல முகூர்த்தம். மண்டபம் பூரா வெள்ளையடிச்சுப் புதுசா இருக்கும். இருபத்தியாறு குடுத்தாச்சுங்க.' 'அய்யோ' என்றது குரல். 'யாருக்குங்க குடுத்தீங்க? பேரைச் சொல்லுங்க, நானே பேசிப் பாக்கறேன், பொண்ணு ஊட்டுக்காரங்கன்னா மனசு எறங்குவாங்க.' இதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத இந்த மூக்கடைத்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டுமென்று இருந்திருக்கிறது. 'பொண்ணு பேரு அம்சவேணிங்க' என்றாள். 'வயசு நாப்பத்தொம்பது.'

அந்தப் பக்கம் யாரோ பெண், மகளாகத்தான் இருக்க வேண்டும், 'என்னம்மா?' என்று கேட்பதும், இந்த அம்மா போன் வாயைப் பொத்திக்கொண்டு எதையோ சொல்வதும் கேட்டன. மறுபடி குரல் வந்தபோது அவசரமெல்லாம் போய்விட்டிருந்தது. 'நாப்பத்தொம்பதுங்களா? அப்ப அவுங்களே மொதல்ல நடத்தட்டுங். எம்பொண்ணும் அதைத்தான் சொல்றா. எங்களுக்குக் கார்த்திகையையே எழுதிக்குங்க. அவுங்களைப் பாத்தீங்கன்னா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க, நல்லா இருப்பாங்க.' 'சொல்றனுங்க' என்றாள் அம்சவேணி. கார்த்திகைக் கட்டத்தில் அவர்கள் பெயரை எழுதினாள். பிறகு ஐப்பசிக்குத் திரும்பி வந்து, அந்த வெள்ளைக் கட்டத்தில் தட்டி, முகூர்த்தம் என்று அடித்தாள், அம்சவேணி என்று அடித்தாள், வெட்ஸ் என்று அடித்து, திருமூர்த்தி என்று முடித்தாள். எத்தனையோ பெயர் அடித்த விரல்கள், இந்த இரண்டு பெயருக்கு மூன்று தடவை தப்பு விட்டன. நினைவூட்ட வேண்டுமா என்று கேட்டது நாட்காட்டி. வேண்டாம் என்பதைத் தட்டினாள். செல்போன் அதிர்ந்தது. எடுத்தால் முதலில் காற்றுதான் பேசியது, தெற்கே உள்ள காற்று முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் வந்து இரைந்தது, அதற்குள் எங்கேயோ அவர் குரல். 'எறங்கீட்டேன். நாள் என்னாச்சுங்க?' 'இருக்குதுங்க' என்றாள். 'என்னது? கேக்கலை.' 'இருக்குது!' 'ஒண்ணும் கேக்கலைங்க, காத்து அடிக்குது. அப்புறம் கூப்புடட்டுங்களா?' அம்சவேணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். 'அப்புறம் எல்லாம் வேண்டாம், இப்பவே கேளுங்க' என்று கத்தினாள். மணமேடைப் பக்கம் பிரஷ் சத்தம் நின்றது. 'ஐப்பசி இருபத்தியாறு! ஞாயித்துக்கெழமை! நமக்குத்தான்! எழுதியாச்சு!' காலி மண்டபம் அதை வாங்கி ஒரு தடவை திருப்பிச் சொன்னது, அந்தப் பக்கம் காற்றுக்குள் அவர் 'கேட்டுருச்சு, கேட்டுருச்சுங்க' என்று சிரித்தார்.